விழுந்தவள் ஒன்று கேட்கலாம்

அசையாமல் நின்று பார்த்திருக்கிறீர்களா நீங்கள்? பஸ்ஸுக்கு நிற்பது, ரேஷன் கடையில் நிற்பது எல்லாம் சேர்த்தி இல்லை. அங்கே காலை மாற்றிக்கொள்ளலாம், கழுத்தைச் சொறியலாம், பக்கத்தில் நிற்பவளிடம் மாமியாரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லலாம். இது வேறு. புளியங்குடியில், ஆடி மாதத்தின் கடைசி நாள், சாயங்காலம் நாலரை மணிக்கு, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில், நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே காலியாக விட்ட தரையில் முப்பிடாதி நின்றுகொண்டிருந்தாள். புருஷனின் நீலச் சாரத்தை, கைலியைத்தான், கொசுவம் வைத்துக் கட்டியிருந்தாள். பழைய நைட்டியை முன்பக்கம் நெடுகக் கிழித்து அங்கியாகப் போட்டிருந்தாள். கூந்தல் உச்சந்தலையில் குடுமியாக நின்றது. கையில் வாள், அதாவது தண்ணீர்க் குழாய்த் துண்டில் பரோட்டா பார்சல் வெள்ளித்தாளைச் சுற்றியது. எதிரே எட்டடி தள்ளி அதே கோலத்தில் ஜெபமலர். இரண்டு பேரும் ஜப்பான் தேசத்துச் சாமுராய்கள். இரண்டு பேரும் அசையக் கூடாது. வெளியே சாரல் தகரக் கூரையில் பொரி வறுப்பதுபோல் விழுந்துகொண்டிருந்தது. முப்பிடாதியின் மூக்கு நுனி அரித்தது. இப்போதுதானா அரிக்க வேண்டும், இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தாய் நீ என்று மூக்கைத் திட்டினாள். திட்டும்போதுதான் ஞாபகம் வந்தது, காலில் கொலுசு. கழற்ற மறந்துவிட்டாள். மைதீன் அண்ணன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், "வளையலைக் கழட்டு, தோட்டைக் கழட்டு, கொலுசைக் கழட்டு தாயி, கொலுசு போட்ட சாமுராய் ஒலகத்துலயே கெடையாது" என்று. வளையலைக் கழற்றினாள், தோட்டைக் கழற்றினாள், அதற்குள் மகள் பாப்பா மூத்திரம் போக வேண்டும் என்றது, அவ்வளவுதான், கொலுசு நின்றுவிட்டது. இனி பெருவிரலை அசைத்தால்கூட அது காட்டிக்கொடுத்துவிடும். சரி, கிடக்கட்டும், இவன் கொலுசு போட்ட சாமுராய். ஆத்தாள் ஆசைப்பட்டுப் போட்டு விட்டிருப்பாள். அவனுக்கும் ஒரு ஆத்தாள் இருந்திருப்பாளே. அவள் பார்த்த சாமுராய்ப் படங்களில் ஒரு ஆத்தாளையும் காட்டுவதில்லை. வீடு வாசல் இல்லாமல் எஜமானும் இல்லாமல் காற்று அடிக்கிற பக்கமெல்லாம் நடக்கிறான், ராத்திரி சோற்றுக்கு என்ன செய்வான், அந்த அங்கியை யார் துவைத்துப் போடுவார்கள், இந்த மழையில் அது எப்படிக் காயும் என்று யோசித்தால் அவன்மேல் கொஞ்சம் பாவமாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும் அவளுக்கு.

எல்லாம் ஒரு மழையில்தான் ஆரம்பித்தது. எலுமிச்சை கமிஷன் கடையில் அவளும் ஜெபமலரும் பழம் தரம் பிரிக்கிறவர்கள், பெரிசு, நடுத்தரம், பொடி, கழிவு. கண் பார்ப்பதற்கு முன்னால் கை சொல்லிவிடும், இது பெரிசு, இது கழிவு என்று. கடைக்குப் பக்கத்தில் மைதீன் அண்ணனின் செல்போன் ரிப்பேர் கடை. போன வருஷம் இதே சாரலில் ஒதுங்க இடமில்லாமல் அங்கே ஏறினார்கள். யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத ஒரு லேப்டாப்பில் படம் ஓடிக்கொண்டிருந்தது, கறுப்பு வெள்ளை. இரண்டு ஆள்கள் மழைக்குள் ஒருத்தனை ஒருத்தன் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பேசுகிறது ஒன்றும் விளங்கவில்லை. ஜெபமலர் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அந்த ஆள் வாயசைப்புக்குச் சரியாகச் சொன்னாள், "ஏல, எம்பழத்தையா கழிவுன்னு ஒதுக்குன?" அடுத்தவன் வாய் திறந்தான். முப்பிடாதிக்கு எங்கிருந்துதான் வந்ததோ, "ஆமால, அதோட ஒம் மூட்டையில பாதி எல தான் கெடந்துச்சு" என்றாள். மைதீன் அண்ணன் சிரித்துச் சிரித்து ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டார். பன்னிரண்டு படம் இருந்தது அதில். பன்னிரண்டுக்கும் இவர்களே பேசினார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பேசினார்கள். எழுதி வைப்பது இல்லை, மனப்பாடம் இல்லை. எதிராளி எதைச் சொன்னாலும் 'சரி' என்று சொல்ல வேண்டும், பிறகு 'அதோட' என்று ஒன்று சேர்க்க வேண்டும், 'இல்லை' என்று மட்டும் சொல்லவே கூடாது, சொன்னால் ஆட்டம் அங்கேயே படுத்துவிடும். இது மைதீன் அண்ணன் வகுத்த சட்டம். நேருக்கு நேர் நின்றால் வெட்டு தானாக வருகிறவரை யாரும் அசையக் கூடாது. இதுவும் அவர் சட்டம்தான். மூன்றாவது சட்டம் ஜெபமலருடையது. அந்தப் படங்களில் வெட்டுப்பட்டு விழுகிறவன் சாகாமல் கிடந்து ரொம்ப நேரம் பேசுகிறானே, என்னதான் பேசுகிறான் என்று முப்பிடாதி கேட்டபோது அவள் சொன்னாள், "வேற என்னத்த, எதையாச்சும் கேப்பான். உசுரோட இருக்கையில கேக்க முடியாதத." அதிலிருந்து, விழுந்தவர் ஒன்று கேட்கலாம், நின்றவர் 'சரி' என்றாக வேண்டும். முதல் தடவை மைதீன் அண்ணன் விழுந்து, "ஒரு டீயும் வடையும் வாங்கிக் குடு தாயி" என்று உயிரை விட்டார். போன மாதம் ஒத்திகையில் ஜெபமலர் விழுந்தாள். விழுந்து கிடந்து முப்பிடாதியின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், "அடுத்த ஆடிக்கும் இதே எடத்துல எனக்கு எதிர்க்க நிப்பியா?" முப்பிடாதி சட்டப்படி சொன்னாள், "சரி. அதோட அதுக்கடுத்த ஆடிக்கும் நிப்பேன்." எல்லாரும் கைதட்டினார்கள். ஜெபமலர் மட்டும் தரையைவிட்டு எழுந்திருக்கக் கொஞ்ச நேரமானது.

அந்த 'சரி'யும் 'அதோட'வும் நாக்கில் ஒட்டிக்கொண்டு இந்தப் பாடு படுத்தும் என்று யாருக்குத் தெரியும்? அரிசி கழுவும்போது, பாப்பாவுக்குத் தலை சீவும்போது, மாமியார் கூப்பிடும்போது எல்லாம் அதுதான் வருகிறது. "ஏளா, வெந்நி போட்டியா?" "சரி அத்த, அதோட துண்டையும் எடுத்து வச்சிருக்கேன்." மாமியார் ஊரெல்லாம் மருமகளைப் புகழ்ந்துகொண்டு திரிகிறாள். அப்படியே செவ்வாய்க்கிழமை போன் வந்தது, திருப்பூரிலிருந்து, சொரிமுத்து. நாலு வருஷமாகப் புருஷன் அங்கே பனியன் கம்பெனியில், இவள் இங்கே. மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவான், பாப்பாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கடைத்தெரு போவான், ராத்திரி வண்டி ஏறிவிடுவான். செவ்வாய்க்கிழமை போனில் சத்தமாகச் சொன்னான், பின்னால் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. "ஏளா, இங்க வீடு அமைஞ்சிட்டு. ஆடி ஞாயித்துக்கெழமையோட முடியுது. அன்னைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். ஆவணி ஒண்ணு அன்னைக்குக் காலையில பால் காச்சிருவோம்." முப்பிடாதி கையில் அப்போது தோசைக்கரண்டி. அவள் வாய் சொன்னது, "சரி. அதோட பாப்பாவுக்கும் அங்கனயே பக்கத்துல பள்ளிக்கூடம் பாத்துருங்க." சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. சொன்னது யார்? அவளா, அந்தச் சாமுராயா? கல்லில் தோசை கருகிற்று. போனில் அவன் குரல் கம்மச் சொன்னான், "நீ இவ்ளோ சந்தோசமாச் சொல்லுவன்னு நான் நெனைக்கலளா. வரமாட்டன்னு சொல்லிருவியோன்னு ரெண்டு நாளா போன் போடாம இருந்தேன்." அதற்கு மேல் என்ன சொல்ல முடியும் ஒருத்தியால்? 'அது ஆட்டத்துப் பேச்சுங்க' என்றா? புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாளும் சொல்லப் போனாள், மூன்று நாளும் வாயில் 'சரி'தான் வந்தது. மிக்ஸி ஜாரைச் சேலையில் சுற்றினாள். பாப்பாவின் உடுப்புகளை மடித்தாள். பொட்டணம் கட்டுகிற கை தானாகவே கட்டிவிட்டது, கமிஷன் கடையில் பழம் பிரிப்பதுபோல. இது திருப்பூருக்கு, இது இங்கே கிடக்க, இது கழிவு. வெள்ளித்தாள் சுற்றிய வாளை எதில் சேர்ப்பது என்று மட்டும் அந்தக் கைக்குத் தெரியவில்லை.

இப்போது அவன் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அவள் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்க்கவில்லை, ஆனால் நிலக்கடலையை உடைக்கிற சத்தம் கேட்கிறது. உடைத்து, தோலை ஊதி, பாப்பா வாயில் ஒன்று, தன் வாயில் ஒன்று. நல்ல மனுஷன். அதுதான் கஷ்டம். கெட்ட மனுஷனாக இருந்தால் 'போய்யா' என்றுவிடலாம். ஆறரைக்கு பஸ். பை இரண்டும் கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன, ஒன்று நீலம், ஒன்று ஜவுளிக்கடைக் கட்டைப்பை. ஜெபமலர் அங்கேதான் முகம் கழுவினாள், மூன்று மணிக்கு. பையைப் பார்த்தாளா? பார்த்திருப்பாள். கட்டைப்பை வாயிலிருந்து மிக்ஸி ஜாரின் மூடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு மிக்ஸி ஜாரோடு வருகிறவள் எந்த ஊரில் இருக்கிறாள்? ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. "குடுமிய இறுக்கிக் கட்டுட்டி, ஆடுது" என்று சொல்லி அவளே பின்னால் வந்து கட்டிவிட்டாள், விரலில் எலுமிச்சை வாசனை, வழக்கத்தைவிட ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினாள். பிறகு ஆட்டம் ஆரம்பித்தது. மைதீன் அண்ணன் நடுவில் வந்து நின்று சபைக்குச் சட்டத்தை எல்லாம் சொன்னார், விழுந்தவர் கேட்கலாம் என்பது வரை. "இங்க ஒரு பாலம், கீழ ஆறு" என்று சாக்குக்கட்டியால் தரையில் கோடு போட்டுவிட்டு ஒதுங்கினார். முப்பிடாதி பாலத்துக்கு வந்தாள். பாலத்தின் நடுவில் ஜெபமலர் நின்றாள். ஜெபமலர்தான் முதலில் பேச வேண்டும், என்ன பேசுவாள் என்று யாருக்கும் தெரியாது. அவள் சொன்னாள், "ஆத்தத் தாண்டிப் போறியாமே. கேள்விப்பட்டேன்."  சாமுராய் கேட்கிறானா, ஜெபாக்கா கேட்கிறாளா? இது ஆட்டமென்றால் 'சரி' சொல்ல வேண்டும். நிஜமென்றாலும் 'சரி'தான் உண்மை. "ஆமா. அதோட..." என்றாள், அதோட என்ன, அதோட என்ன, நாற்பது பேர் பார்க்கிறார்கள், "அதோட இனி இந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்." சபையில் யாரோ "ஓகோ" என்றார்கள். ஜெபமலரின் கண் சிமிட்டாமல் நின்றது. "சரி," என்றாள் மெதுவாக, "அதோட அத எங்கிட்ட நீ சொல்லல" என்று வாளை உருவினாள். அதிலிருந்து இந்த நிற்பு.

எவ்வளவு நேரம் ஆயிற்று? இரண்டு நிமிஷமா, நாலா? சாரம் இடுப்பில் நழுவுகிறது. முடிச்சைச் சரியாகப் போடவில்லை. அவிழ்ந்தால் மானம் போகாது, உள்ளே லெக்கின்ஸ் இருக்கிறது, ஆனால் சாமுராய் மானம் போய்விடும். அது போகட்டும், யோசிக்க வேண்டியதை யோசி. யோசிக்க வேண்டியது என்ன? திருப்பூர். சுவருக்குச் சுவர் ஒட்டின லைன் வீடு, ஒரு ஜன்னல், போட்டோ அனுப்பியிருந்தான், ஜன்னலில் அவனே ஒரு பூப்போட்ட துணியைத் திரையாக மாட்டி, அதையும் தனியாக ஒரு போட்டோ எடுத்து. அந்தப் போட்டோவை ஒரு நாளைக்கு நாலு தடவை எடுத்துப் பார்க்கிறாள். பாப்பா ராத்திரி போன் கண்ணாடியில் அப்பாவுக்கு முத்தம் கொடுக்கிறாள், கண்ணாடி முழுக்க எச்சில், அதை முந்தானையால் துடைத்துத் துடைத்துத் தொடுதிரையே வேலை செய்யாமல் அந்த போன் மைதீன் அண்ணனிடம் போனது. பிள்ளைக்கு அப்பாவின் தோள் வேண்டும், கண்ணாடி போதாது. இவளுக்கும்தான், இவள் என்ன மரமா? அப்படியானால் போகிறதுதானே. போனால் என்ன குறைந்துவிடும்? ஞாயிற்றுக்கிழமை குறைந்துவிடும். எதிரே எட்டடியில் நின்று, அடுத்து நீ என்ன செய்யப்போகிறாய், எனக்குத் தெரியவில்லையே, சொல்லேன் என்கிற மாதிரி இவளைப் பார்க்கிற ஒரு முகம் குறைந்துவிடும். அப்படி இவளை வேறு யார் பார்த்திருக்கிறார்கள்? பெண் பார்க்க வந்த அன்று பதினேழு பேர் வந்தார்கள், பஜ்ஜி நல்லா இருக்கு என்றார்கள், பெண்ணுக்குச் சம்மதமா என்று அவர்களாகவே அப்பாவிடம் கேட்டு அப்பாவாகவே சரி சொல்லி, எல்லாம் அடுப்படிக்குக் கேட்டது. அவளை யாரும் கேட்கவில்லை. கெடுதல் ஒன்றும் நடந்துவிடவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள், சொரிமுத்துவின் பல் வரிசை பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும். ஆனாலும் என்ன? அந்த ஆனாலும்தான் அன்றிலிருந்து மூக்கு நுனியில் அரிக்கிறது. ஐயோ, மூக்கு. இப்போது நிஜமாகவே தாங்கவில்லை. தும்மல் வந்துவிடுமோ? தும்முகிற சாமுராயை ஜெபாக்கா ஒரே வெட்டாக வெட்டிவிடுவாள். வெட்டட்டும். வெட்டினால் இவள் விழுவாள், விழுந்தால் கேட்கலாம். கேட்டால் என்ன கேட்பாள்? 'என்னை மன்னிச்சிரு யக்கா' என்றா? அது ஆட்டத்தில் கேட்கிறதா, தனியாகத் தொட்டிப் பக்கத்தில் நின்று கேட்க வேண்டியது அல்லவா? சரி, இவள் வெட்டினால்? அக்கா விழுவாள். அக்கா கேட்பாள்.

அப்போதுதான் முப்பிடாதிக்கு உறைத்தது. அக்கா விழுவாள். அக்கா கேட்பாள். என்ன கேட்பாள் என்று இந்த ஹாலில் இவள் ஒருத்திக்குத்தான் தெரியும். 'போகாத' என்பாள். நாற்பது பேருக்கு முன்னால், கடலை உடைக்கிற அந்த மனுஷனுக்கு முன்னால். இவள் வாய், ஒரு வருஷமாகப் பழகிக் கெட்டுப்போன இந்த வாய், 'சரி' என்றுவிடும், அதோட இன்னும் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை அவனுக்கு ஒரு சரி, போன மாதம் அக்காவுக்கு ஒரு சரி, இன்றைக்கு இன்னொரு சரி. மூன்று சரியில் எது இவளுடையது? ஒன்றுமே இல்லையே. பூப்போட்ட திரை மாட்டினவன் முகம் என்ன ஆகும்? ஜெபமலரின் கண்ணைப் பார்த்தாள். கண்ணில் ஒன்றும் இல்லை, படத்தில் வருகிற ஆள்களின் கண்ணைப்போலவே குளம் மாதிரி கிடந்தது. ஆனால் கண்ணை எதற்குப் பார்க்க வேண்டும்? ஜெபாக்காவின் இடது முழங்கால், விழப்போகிறதற்கு முன்னால், எப்போதும் ஒரு இம்மி தளரும். ஒத்திகையில் நூறு தடவை பார்த்திருக்கிறாள். வெட்டு படுவதற்கு முன்னாலேயே அந்த முழங்கால் விழுந்துவிடும். மைதீன் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார், "எக்கா, வெட்டுனப்பொறம் சாவு, அட்வான்ஸா சாவாத" என்று. சாரத்தின் கொசுவத்துக்குள் அந்த முழங்கால் இதோ தளர்கிறது. கொசுவம் ஒரு மடிப்பு கலைகிறது. பாப்பா எங்கேயோ தூரத்தில் "அம்மா ஏன் செல மாதி நிக்கா?" என்று கேட்கிறது, "உஸ்ஸ், அம்மா சண்ட போடுதா" என்கிறது அவன் குரல். கூரையில் சாரல் சட்டென்று பலத்து இறங்குகிறது. கை சொல்லிற்று. கண்ணுக்கு முன்னால், புத்திக்கு முன்னால், பழம் பிரிக்கிற அந்தக் கை சொல்லிற்று, இப்போ.

கொலுசு கலகலவென்று உதறிற்று. வாள் கையைவிட்டுப் போயிற்று. யாரும் வெட்டவில்லை, ஜெபமலரின் குழாய் இன்னும் தோளுக்கு மேலேதான் நின்றது, முப்பிடாதி நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டாள். சாக்குக்கட்டி ஆற்றுக்குள்ளேயே விழுந்தாள்.  பின்வரிசையில் கமிஷன் கடைக் கணக்கப்பிள்ளை சத்தமாகக் கேட்டார், "யாரு வெட்டுனா? நான் ஒண்ணும் பாக்கலியே!" "வெட்டே விழலயே, அதுக்குள்ள செத்துட்டா!" என்று இன்னொருத்தி. கொல்லென்று சிரிப்பு. தரை குளிர்ந்து கிடந்தது, பினாயில் வாசனைக்கு அடியில் எந்தக் கல்யாணத்துச் சாம்பாரோ இன்னும் மணந்தது. அரித்துக்கொண்டிருந்த மூக்கைத் தரையில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தாள், அப்பாடா. தலைக்கு மேலே ஜெபமலரின் கால்கள். தளர்ந்த முழங்கால் பாதி மடங்கின இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. விழ வந்தவளை விழவிடாமல் செய்துவிட்டாள், நிற்கிறவள் இப்போது ஜெபாக்கா. அவள் குனிந்தாள். முகம் கிட்டே வந்தது, கண்ணில் குளம் இப்போது கலங்கியிருந்தது. "திருட்டு முண்ட," என்றாள் யாருக்கும் கேட்காமல், "எனக்கு முந்திக்கிட்டியே." பிறகு சபைக்குக் கேட்கிற மாதிரி, சாமுராய்க் குரலில், "விழுந்தவன் கேக்கலாம். கேளு" என்றாள். குரல் கடைசியில் சாமுராய்க் குரலாக இல்லை. சிரிப்பு அடங்கினது. முப்பிடாதி வாயைத் திறந்தாள். அக்காவிடம் கேட்க ஒன்றும் இல்லை, அக்கா எது கேட்டாலும் தருவாள், அது தெரியும். தலையைத் தரையிலேயே திருப்பினாள். ஜெபமலரின் கால்களுக்கு இடையில், சாரத்துக்கு அந்தப் பக்கம், முதல் வரிசை தெரிந்தது. பாப்பாவின் தொங்குகிற செருப்பு, கடலைத் தோல், அவன் முட்டி, அதற்கு மேலே அவன் முகம். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் பார்வை தன்மேல் வந்து நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது, உடைத்த கடலை விரலில் அப்படியே இருந்தது. ஆட்டத்துக்கு வெளியே இருக்கிற ஆளிடம் கேட்கலாமா என்று சட்டத்தில் இல்லை.  மைதீன் அண்ணன் கூடாது என்றாலும் அவள் விட்டிருக்கமாட்டாள்.

"என்னங்க," என்றாள் முப்பிடாதி, "பஸ்ஸு வாறதுக்குள்ள, 'நீ எங்கூட வாறியா'ன்னு எங்கிட்ட ஒரே ஒரு தடவ கேளுங்களேன்."